காற்று ஏறினால்?

அண்ணன்: நாளைக் காலை இவனையும் கூட்டிக்கொண்டு சின்னப் பாய்ப்படகில் போகிறேன். வானிலை அறிக்கையில் 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் பதினெட்டரை கிலோமீட்டர் வேகக் காற்றுதான்.

அத்தை: திடீரென்று பலமாக அடித்தால் என்னடா செய்வாய்?

அண்ணன்: இறங்கி நடந்து வந்துவிடுவோம் அத்தை.

சித்தப்பா: விளையாட்டு இருக்கட்டும். 10 நாட் 20 ஆனால் பாய் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அப்போது என்ன செய்வாய்?

அண்ணன்: சுக்கானைத் திருப்புவேன்.

சித்தப்பா: சரி, கயிறு? படகு சாயத் தொடங்கியதும் பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிற்றைத் தளர்த்து. பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாயுங்கள். படகின் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பலாம். நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்திவிடாதே. வேகம் போனால் சுக்கான் சொன்னபடி கேட்காது.

நான்: கயிற்றைப் பிடித்தே இருந்தால் கை வலிக்குமே. கயிற்றை இறுக்கி வைக்கும் கிளீட்டில் மாட்டிவிட்டால்?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். அதை விடுவிப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும். அவ்வளவு வலிக்கிறதென்றால் அந்தக் காற்றுக்குப் பாய் பெரிது. ரீஃப் போடு, அதாவது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டிச் சுருக்கு.

அண்ணன்: எப்போது போடுவது சித்தப்பா?

சித்தப்பா: காற்று வரும் பக்கத்தில் தண்ணீர் திட்டுத்திட்டாகக் கறுத்தாலோ, அலை நுனியெல்லாம் வெள்ளையாக உடைந்தாலோ உடனே. சந்தேகம் இருந்தால் கரையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பு. அப்புறம் அவிழ்ப்பது சுலபம், ஆடுகிற படகில் கட்டுவதுதான் பெரும்பாடு.

அக்கா: திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வந்தால் நிம்மதிதானே?

சித்தப்பா: அதுதானம்மா ஏமாற்றும். காற்றோடு ஓடும்போது காற்று குறைந்துவிட்ட மாதிரி இருக்கும். திசை கொஞ்சம் தப்பினால் பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை மறுபக்கம் வீசி வந்து மண்டையில் அடிக்கும். பலமான காற்றில் ஜைப் வேண்டாம், அதாவது காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டாம். காற்றை நோக்கிச் சுற்றி, டாக் அடித்தே திரும்பட்டும். நேரம் கூட ஆகும், ஆகட்டும்.

நான்: கவிழ்ந்தே விட்டால் கரைக்கு நீந்தலாமா?

சித்தப்பா: கூடாது. படகைப் பிடித்துக்கொண்டே இரு. தேடி வருகிறவர்களுக்கு உன் தலையைவிடப் படகுதான் தெரியும். முதலில் பாயைப் பிடிக்கும் ஷீட் கயிறுகளையெல்லாம் அவிழ்த்துவிடு. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டு பலகையில் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் நிமிரும்.

அத்தை: லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

அண்ணன்: பையில் இருக்கிறது அத்தை.

அத்தை: பைக்கு நீந்தத் தெரியாதோ?

அண்ணன்: சரி, சரி. கரையிலேயே போட்டுக்கொள்கிறோம். ரீஃபும் போட்டுவிடுகிறேன்.