பிசியோதெரபி பிரிவில் வேலை செய்கிறவர்களோடு நின்று பார்க்க இடம் கிடைக்குமா?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் ஹட்டன் பக்கம். உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்க ஆசை.

அமெரிக்காவில் பல பிசியோதெரபிக் கல்லூரிகள், விண்ணப்பிக்கும் முன்பே இத்தனை மணித்தியாலம் பிசியோதெரபிஸ்டோடு நின்று பார்த்தாயா என்று கேட்குமாம். இங்கே பல்கலைக்கழகம் போக உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் எல்லாம். ஆனாலும் நான்கு வருடப் படிப்பு, பார்க்காமலே எப்படி இறங்குவது?

ஆசை வந்ததே அம்மாவால்தான். கொழுந்து பறித்துப் பறித்துத் தோள் இறுகி, தலை சீவக்கூடக் கை உயராது. விரல்களைச் சுவரில் நண்டு மாதிரி மெல்ல ஏற்றச் சொன்னார் ஒரு பிசியோதெரபி மிஸ். எங்கள் லயத்துச் சுவரில் அம்மா தினமும் போட்ட வெண்கட்டிக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

ஒரு வைத்தியசாலையில் போய்க் கேட்டேன். "கடிதம் இருக்கா?" என்றார்கள். யாருடைய கடிதம் என்று சொல்லவில்லை. சரி, திரும்பி வந்துவிட்டேன்.

டிக்கோயா, நுவரெலியா, கண்டிப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கடிதம் யாருக்கு எழுத வேண்டும்? அதிபரிடம் வாங்கினால் போதுமா? தனியார் நிலையம் என்றாலும் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு நாள் போதும், ஓரமாக நிற்பேன். கடைசி பஸ்ஸுக்கு முன் விட்டால் சரி.