மண் அணையின் வெளிப்பக்க அடியில் ஊற்று: களிமண் போட்டு அடைக்கலாமா?

கரையோரம்:
படகு விடவும் நீந்தவும் மட்டும் வைத்திருக்கும் தனியார் மண் அணை. உயரம் 5 மீ. வெளிப்பக்க அடியில், மதகுக் குழாய்க்கு ஒட்டினாற்போல் தண்ணீர் ஊறி வருகிறது. 10 லிட்டர் வாளி நிரம்ப 50 வினாடி ஆகிறது. அந்த வாயில் களிமண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கிவிடலாமா? கரைமேல் நான்கு பெரிய மரங்களும் நிற்கின்றன. வெட்டிவிடட்டுமா?

கலிங்கு:
அடைக்கவே அடைக்காதீர்கள். வெளிவாயை மூடினால் தண்ணீர் நிற்காது. கரைக்குள் ஈரம் மேலே ஏறி வெளிச்சரிவு இளகும், இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். களிமண்ணுக்கு இடம் நீர்ப்பக்கச் சரிவுதான். வெளிப்பக்கத்தில் தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும்: ஊற்றின் மேலும் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 மீட்டர் வரையும், முதலில் கழுவிய பருமணல் 30 செ.மீ., அதன்மேல் பொடி ஜல்லி 30 செ.மீ., கடைசியில் கனத்துக்குப் பெருங்கல்.

மணலில் களிமண் இருந்தால் எல்லாம் வீண். ஈரமணலை டம்ளரில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே சரிந்தால் நல்ல மணல். கட்டியாக நின்றால் வேண்டாம்.

கசியும் தண்ணீரின் அளவைவிட நிறம் முக்கியம். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்று பாருங்கள்.

மதகடி:
குழாய் ஓரம் கசிவது தற்செயல் அல்ல. உருண்டைக் குழாயின் அடிவயிற்றில் மண் சரியாக இறுகாது. அந்த இடுக்கில்தான் தண்ணீர் வழி தேடும். நீர்ப்பக்க அடைப்பானை மூடிப் பாருங்கள். கசிவு குறைந்தால் குழாயின் மூட்டு விட்டிருக்கிறது. குறையாவிட்டால் தண்ணீர் குழாய்க்கு வெளியே ஓடுகிறது. குழாயைச் சுற்றி கான்கிரீட் வளையம் கட்டுவது பழைய பழக்கம். வளையத்தை ஒட்டி மண்ணை இறுக்குவது இன்னும் கஷ்டம். இப்போது வெளிப்பாதிக் கரையில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டிதான் வைக்கிறார்கள்.

மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், அது மக்கிச் சுரங்கமாகும். நீர்மட்டத்தை இறக்கி, வேரோடு தோண்டி எடுத்து, குழியை 15 செ.மீ. அடுக்குகளாக இறுக்கி நிரப்புங்கள். அதுவரை தொடாதீர்கள்.

படகுக்கு ஆழம் வேண்டுமென்று கலிங்கில் (மிகை நீர் வழிந்து வெளியேறும் வாயில்) பலகை செருகியிருக்கிறீர்களா? இத்தகைய அணைகளில் பல வம்புகள் அதிலிருந்துதான். உடனே எடுங்கள்.

கரையோரம்:
பலகை இருந்தது, எடுத்துவிட்டேன். பாட்டில் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கிறது. அடைப்பானை மூடியும் கசிவு குறையவில்லை.

கலிங்கு:
அப்படியானால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது. மணல், ஜல்லியை இன்றே போடுங்கள். நீர்மட்டத்தை நாளுக்கு 30 செ.மீ. வீதம் இறக்குங்கள், வேகமாக இறக்கினால் ஊறிப்போன நீர்ப்பக்கச் சரிவு வழுக்கும். ஆனால் தண்ணீர் கலங்கலாகி அளவும் கூடினால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக இறக்குங்கள், கீழே குடியிருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். குழாயைத் தோண்டும் வேலையை மண் அணை தெரிந்த பொறியாளர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.