மூன்று பித்தளைக் கிண்ணம் செய்து தரும் பட்டறை தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். நாலைந்து பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, கைக்கெட்டும் தூரத்தில் மேஜிக் செய்து பழகுகிறேன். இப்போது முழு மனசும் கிண்ணமும் பந்தும் வித்தையில்தான்; கவிழ்த்த மூன்று கிண்ணங்களுக்கு அடியில் சின்னப் பந்துகள் மறைந்து, இடம் மாறித் தோன்றுமே, அதுதான்.

கூரியரில் வாங்கிய அலுமினிய செட் சரிவரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தால் நடுவில் பந்துக்கு இடமே இல்லை. மேல் கிண்ணம் ஆடுகிறது, எடுக்கும்போது உரசுகிற சத்தம் வேறு. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு அது தப்பாது. பந்துகள் மட்டும் அருமை: கார்க் உருண்டைமேல் சிவப்புக் கம்பளி நூலால் அம்மா பின்னித் தந்தவை, 25 மி.மீ.

சவுகார்பேட்டை பாத்திரக் கடைகளில் தேடினேன், எல்லாம் மெல்லிய டம்ளர்கள். எனக்குக் கனமான பித்தளை வேண்டும். விளிம்பு மழுங்கி உருண்டிருக்கணும். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் பந்து உருளாமல் நிற்க அடிப்பாகம் லேசாக உள்வாங்கியிருக்கணும். அடுக்கும்போது இடைவெளி கிடைக்க வெளிப்பக்கம் ஒரு வளையம்.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மூன்றே மூன்று கிண்ணத்துக்கு லேத் ஓட்டித் தருபவர் இருந்தால் சொல்லுங்கள். வித்தை செய்பவர்களிடம் இன்னொன்று: கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால் விரல் அதில் தெரிகிறதே, மங்கலாகவே விடலாமா?