பழைய எக்ஸ்பிடி (கப்பல்ல இருந்து கடல்ல போட்டு வெப்பநிலை அளக்கற கருவி) டேட்டா திருத்தத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் சென்னைல எம்எஸ்சி படிக்கிறேன், வங்கக்கடல்ல மேல 700 மீட்டருக்குள்ள 1970ல இருந்து எவ்ளோ வெப்பம் சேர்ந்திருக்குனு பாக்கறதுதான் ப்ராஜெக்ட். ஆர்கோங்கற தானியங்கி மிதவை வந்தப்புறம் கவலையில்ல, 10 நாளைக்கு ஒருதடவ 2000 மீட்டர்ல இருந்து மேல வந்து டேட்டா அனுப்பிடுது. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் கப்பல்ல இருந்து போட்ட எக்ஸ்பிடிதான், அது ஆழத்த அளக்கறதே இல்ல, விழுந்த நேரத்த வச்சு கணக்கு போடறாங்க, அந்த வேகம் கொஞ்சம் தப்பானாலும் கடலே சூடான மாதிரி காட்டிடும். ப்ரோப் (கடல்ல விழற அந்தக் கருவி) என்ன மாடல்னே எழுதாததால விழுந்த வேகம் தெரியாத ரெக்கார்ட என்ன பண்றது, விட்டுடலாமா? பூமில கூடுதலா சேர்ற வெப்பத்துல சுமார் 90 சதவீதம் கடலுக்குள்ளதான் போகுது, அத தப்பா எழுத மனசு வரல. பள்ளிக்கரணை என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) பக்கம் யாராவது இருந்தா நேர்லயே வரேன், ப்ளீஸ்.