நார்வீஜிய-அமெரிக்க ஃபிடில் கலைஞரின் பழைய டேப்புகள்: எங்கிருந்து தொடங்குவது?

ஏரிக்கரை:
விஸ்கான்சினில் வாழ்ந்து மறைந்த நார்வீஜிய-அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் வாசிப்பு, 1960களின் கால் அங்குல ரீல் டேப்புகளில் இருக்கிறது. ஹார்டாங்கர் ஃபிடிலில் (அடியில் துணைத் தந்திகள் அதிரும் நார்வே ஃபிடில்) ஸ்பிரிங்கர் என்ற நார்வே நடன மெட்டு, சாதா ஃபிடிலில் வால்ஸ், ஷாட்டிஷ் என்ற நடன மெட்டுகள். டிஜிட்டலாக்கி நொட்டேஷனும் எழுத வேண்டும். டேப்பை முதலில் சூடாக்கணும் என்கிறார்களே, உண்மையா?

ரீல்காரன்:
அவசரப்படாதீர்கள். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடாக ஒளி தெரிந்தால் அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் டேப்; அதைச் சூடாக்கினால் டேப் பாழ். சூடாக்குவது 1970, 80களின் ஒட்டிக்கொள்ளும் பாலியஸ்டர் டேப்புகளுக்குத்தான். வினிகர் வாடை அடிக்கும் ரீலைத் தனியே வைத்து, முதலில் பதிவெடுங்கள்.

வீட்டு ரெக்கார்டர்களில் கால்-டிராக் பதிவு, அதாவது டேப்பின் அகலத்தை நான்கு தடங்களாகப் பிரித்துப் பதிவது, சகஜம். இரண்டு தடங்களுக்கான அரை-டிராக் ஹெட்டில் ஓட்டினால் மறுபக்கப் பாட்டு பின்னோக்கி ஓடிக் கூடவே கேட்கும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும்.

வில்வழி:
வேகத்தை ஃபிடிலின் 'ஏ' சுரத்தை 440 என்று வைத்துச் சரிசெய்யாதீர்கள். ஹார்டாங்கர் ஃபிடிலை அதைவிட உயர்த்திக் கட்டுவதே வழக்கம். சில நேரம் ஒன்றரைக் கட்டை வரை. அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிவின் அடியில் இருக்கும், ஸ்பெக்ட்ரத்தில் (ஒலியை அதிர்வெண்வாரியாகக் காட்டும் படத்தில்) அதைத் தேடுங்கள். அது 57 என்று காட்டினால் டேப் 5% மெதுவாக ஓடுகிறது, சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கியிருக்கும். நீங்கள் ஓட்டும் மெஷினின் சொந்த ரீங்காரம் சரியாக 60-இலேயே நிற்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பேட்டரி ரெக்கார்டர் என்றால் இந்த வழி உதவாது.

நொட்டேஷனில் முதல் வரி, தந்திகள் கட்டிய முறை. ஏ-டி-ஏ-ஈ பரவலானது. ஏ-ஈ-ஏ-சி ஷார்ப் என்று கட்டி வாசித்ததை ஏ-டி-ஏ-ஈ முறையில் எழுதினால் விரல் எட்டாது, துணைத் தந்திகளின் அதிர்வும் பொருந்தாது. ஸ்பிரிங்கரை 3/4 (மூன்று சம அடிகள்) என்று எழுதி நிறுத்துவது பெரிய பிழை. அதன் அடிகள் சமமல்ல, நார்வேயில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்: டெலிமார்க் பாணியில் மூன்று அடிகளும் நீளம்-நடுத்தரம்-குறில், வால்ட்ரஸில் குறில்-நீளம்-நடுத்தரம். டேப்பில் கால் தட்டும் ஓசை கேட்டால் அதை அளந்து எழுதுங்கள். வில் ஏற்ற இறக்கமும் வேண்டும். காதால் ஊகித்த இடங்களில் கேள்விக்குறி போடுங்கள்.

ஏரிக்கரை:
நன்றி. இணையத்தில் போடலாமா?

ரீல்காரன்:
மரபு மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது, பதிவுக்கு உண்டு. 2018-இன் அமெரிக்கச் சட்டப்படி 1960களின் பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு. குடும்பத்தின் சம்மதத்தோடு, பதிவு செய்தவர் வேறொருவர் என்றால் அவர் தரப்பின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். மூல ரீல்களை வீட்டில் வைக்காதீர்கள்; விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் இசை நூலகத்திடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.