டெல்லிக்கு வந்திருக்கும் நகரமைப்பாளர்களே, ஐடிபிஐ (ITPI) உறுப்பினர் ஆகிவிட்டீர்களா?

சென்னையில் எம்.பிளான் (நகரமைப்பு முதுநிலைப் பட்டம்) முடித்துவிட்டு இங்கே ஒப்பந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, பிளானர் லைசென்ஸ் எங்கே வாங்குவது?"

நாடு முழுவதற்குமான லைசென்ஸ் என்று நமக்கு எதுவும் கிடையாது. ஆர்கிடெக்டுகளுக்கு 1972 சட்டப்படி கவுன்சில் இருக்கிறது. நகரமைப்பாளர்களுக்கும் அப்படிச் சட்டப்பூர்வமான கவுன்சில் வேண்டும் என்று நிதி ஆயோக் 2021-இல் பரிந்துரை செய்தது. (பி.ஆர்க் படித்துவிட்டு பிளானிங் பக்கம் வந்தவர்கள் ஆர்கிடெக்ட் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.)

அதனால் நமக்குக் கைகொடுப்பது ஐடிபிஐ, அதாவது இந்திய நகரமைப்பாளர் நிறுவனம். 1951-இல் தொடங்கியது. தலைமையகம் இங்கேதான், ஐ.பி. எஸ்டேட்டில். நகரமைப்பும் கட்டடக்கலையும் கற்பிக்கும் எஸ்பிஏ கல்லூரியும் அதே வட்டாரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நகரமைப்பாளரின் தகுதியைச் சொல்லும் இடத்தில் ஐடிபிஐ அசோசியேட் உறுப்பினர் தகுதியையும் குறிப்பிடுகிறது. உள்ளாட்சி ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள் பலவற்றிலும் அதே வரி வரும். சிவில், புவியியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்று பிளானிங் வேலை பார்ப்பவர்களுக்கு ஐடிபிஐ நடத்தும் ஏஐடிபி தேர்வு என்று தனி வழியே உண்டு.

நான் இதைத் தள்ளிப்போட்டுத்தான் ஒரு வாய்ப்பை இழந்தேன். பட்டம் கையில் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். ஒரு அலுவலகத்தில் நேர்காணல் வரை போய், சான்றிதழ் சரிபார்ப்பில் உறுப்பினர் எண் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அன்றே விண்ணப்பிக்க உட்கார்ந்தால், பழைய கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதத்தில் "பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. என்ன பதவி, எந்தத் தேதி முதல் எது வரை, என்ன வேலை, எதுவுமே இல்லை. திருத்திய கடிதத்துக்காக மாதக்கணக்கில் போனில் கெஞ்ச வேண்டியிருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே இந்த மூன்றும் உள்ள கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நில உபயோக சர்வேயோ, மாஸ்டர் பிளான் வரைபடமோ, செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுச் சான்றிதழ் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஏஐசிபி, பிரிட்டனில் ஆர்டிபிஐ. அங்கே போய் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம். டெல்லி மாநகராட்சி வேலைக்காக அதில் பணம் போட வேண்டாம்.

அதற்குச் செலவாகும் நேரத்தில் இந்த ஊர்ச் சட்டத்தைப் படியுங்கள். இது உறுப்பினர் அட்டையைவிடவும் முக்கியம் என்பது என் கருத்து. 1971 தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே ஃபைலைத் திறந்தால் தலை சுற்றும். மாஸ்டர் பிளான் போடுவது 1957 சட்டத்தின்கீழ் வந்த டிடிஏ, அதாவது டெல்லி வளர்ச்சி ஆணையம். அது மத்திய அரசின் கீழ் இருக்கிறது. தலைவர் துணைநிலை ஆளுநர். நகரின் பெரும்பகுதியில் கட்டட வரைபட அனுமதி கொடுப்பது எம்சிடி, அதாவது டெல்லி மாநகராட்சி. எந்த ஃபைல் எந்த வாசலுக்குப் போகும் என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அப்புறம் 'லால் டோரா' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். பழைய கிராமத்துக் குடியிருப்பு நிலத்தை வருவாய் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுப் பிரித்ததால் வந்த பெயர். நம் ஊர்க் கிராம நத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி விளங்கிவிடும். மீதிக்கு, ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற நாளில் பக்கத்து முனிர்கா கிராமத்துக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி நிற்கும் அந்த மாடிகளும், வெயில் இறங்காத அந்தச் சந்துகளும்தான் நாளை உங்கள் மேசைக்கு ஃபைலாக வரும்.