முந்தியது எழும்பூரா, தில்லியா?

நகரி நெசவாளி:
"நாட்டின் முதல் தேசியக் கலைக்கூடம் 1954இல் தில்லியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் பெயரில் எங்கும் எதுவும் இல்லை" என்று சித்தூர் வாசகன் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எழும்பூர் பாந்தியன் சாலையில் நிற்கும் அந்தச் செந்நிறக் கட்டடம் கண்ணில் படவே இல்லையா ஐயா? ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் அது. 1951இல் தேசியக் கலைக்கூடம் ஆனது. தில்லிக்கு மூன்று ஆண்டு முன்பே!

சித்தூர் வாசகன்:
பழைய மண்டபத்துக்குப் புதுப் பெயர் வைத்தால் தேசியம் வந்துவிடுமா? தில்லிக் கலைக்கூடம் 1949இல் எழுந்த யோசனை. நேருவும் ஆசாதும் பேணி வளர்த்தது. 1954 மார்ச் 29 அன்று ஜெய்ப்பூர் மாளிகையில் குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஹெர்மன் கோட்ஸ் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் முதல் காப்பாட்சியர். இன்று அங்கே 17,000க்கு மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. எழும்பூரில் எத்தனை?

நகரி நெசவாளி:
எண்ணிக்கையை யார் கேட்டது? ஆண்டைக் கேட்டேன். 1951.

பள்ளிப்பட்டு ஆசிரியர்:
இருவரும் ஓவியத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. தில்லியில் அம்ரிதா சேர்கிலின் 'பிரம்மசாரிகள்' முன்னால் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். வெற்றுடம்பில் பூணூல், இடுப்பில் வெள்ளை வேட்டி, ஐந்து பேர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. வேட்டியின் வெண்மை ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதம். ஒன்றில் நீலம் கலந்தது போல, இன்னொன்றில் பழுப்பேறியது போல. நம் தெற்கைச் சுற்றிப் பார்த்த பிறகு 1937இல் வரைந்தது. நான்கு ஆண்டில் அவர் இறந்துவிட்டார். வயது 28.

சித்தூர் வாசகன்:
அந்த ஓவியமும் தில்லியில்தானே இருக்கிறது ஆசிரியரே? நான் சொல்வதும் அதைத்தான்.

நகரி நெசவாளி:
தில்லித் திறப்பு விழாவுக்கே சென்னை தேவைப்பட்டது, அதைச் சொல்லுங்கள். அன்று நடந்த சிற்பக் கண்காட்சியில் பங்கேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். 1954இல் சென்னைச் சிற்பியை அழைத்தவர்களுக்கு, 1951இல் சென்னையில் திறந்த கூடம் மட்டும் தெரியாமலா போகும்?

திருத்தணி மலையடி:
திறந்து வைத்த ராதாகிருஷ்ணன் எங்கள் ஊர்க்காரர். அதை ஒருவரும் சொல்லவில்லை.

சித்தூர் வாசகன்:
1954இல் திருத்தணி ஆந்திராவில், எங்கள் சித்தூர் மாவட்டம், தம்பி. சென்னை மாநிலத்துக்குப் போனது 1960 ஏப்ரலில்தான். ஆகவே எங்கள் மாவட்டத்துக்காரர்.

திருத்தணி மலையடி:
அவர் பிறந்த 1888இல் சித்தூர் மாவட்டமே கிடையாது. அன்று வட ஆர்க்காடு. எல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. போராடி மீட்ட மண்ணை இன்னும் உங்கள் கணக்கில் எழுதுகிறீர்களே!

பள்ளிப்பட்டு ஆசிரியர்:
அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. எல்லைச் சண்டையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

நகரி நெசவாளி:
சித்தூர் வாசகன் எப்போதும் இப்படித்தான். பேச்சை மாற்றிவிடுவார். இந்த முறை விடமாட்டேன். திருத்தணி யாருடையதாகவும் இருக்கட்டும். 1951 முந்தியதா, 1954 முந்தியதா?

சித்தூர் வாசகன்:
நான் மார்ச் 29 என்று நாளோடு சொன்னேன். உங்கள் 1951க்கு மாதமும் இல்லை, நாளும் இல்லை.

நகரி நெசவாளி:
டிசம்பர் 31 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முந்தியது எழும்பூர்தான்.